எலுமிச்சை மரத்தைக் கொன்ற சூப்பர்வைசர்

அடிமரத்தில் கை வைக்காமல் மரத்தைச் சாகடிப்பது என்று சூப்பர்வைசர் முடிவெடுத்தார். அவர் எத்தனையோ முடிவு எடுத்திருக்கிறார். அவரே வேலை செய்ய வேண்டியிருந்த முடிவு இது ஒன்றுதான்.

அவருக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மதிய ஷிப்ட். பத்துப் பேர் பெட்டி மடிப்பார்கள், இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். அதற்குச் சம்பளம். வீட்டில் சம்பளம் இல்லாமலே பார்த்தார். மனைவி துணி துவைத்தால் பார்ப்பார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் பார்ப்பார். பல்ப் மாற்ற அவள் ஸ்டூலில் ஏறினால் கீழே நின்று, "பார்த்து" என்பார். பதினாறு வருஷத்தில் அவர் செய்த வீட்டு வேலை அந்த ஒரு சொல்தான்.

வீட்டுக்குப் பின்னால் ரெண்டு கட்டில் போடுகிற அளவுக்கு மண் கிடந்தது. நடுவில் எலுமிச்சை. மனைவி வைத்த மரம், ஆறு வருஷமாகிறது. இலை உண்டு, முள் உண்டு, காய் மட்டும் கிடையாது. ஆனாலும் அடியில் ஒரு நாற்காலி போட்டிருந்தாள். நாள் பூராவும் மருந்துக்கடையில் நின்றபடி மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் அவள். சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மண்ணில் வைத்து அரைமணி நேரம் உட்காருவாள். ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அந்த அரைமணிதான்.

சூப்பர்வைசருக்கு அங்கே சிமென்ட் தரை வேண்டும். மேலே தகரக் கூரை, கீழே கேரம் போர்டு, சுற்றி மூன்று வெட்டிக் கூட்டாளிகள். மேஸ்திரியைக் கூட்டிவந்து அளவும் எடுத்துவிட்டார்.

மனைவி சண்டை போடவில்லை. அங்கேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாலு வேலை ஒழுங்காகப் பார்த்தால் மரம் காய்க்கும் என்று நர்சரிக்காரர் சொன்னதாகவும், ஒரு ஆள் வைக்கலாமா என்றும் மட்டும் கேட்டாள். கையகல இடத்துக்கு ஆளா, நான் எதுக்கு இருக்கேன் என்றார் இவர். எதுக்கு இருக்கீங்க என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை.

"சரி, மூணு மாசம் பார்ப்போம்" என்றாள். "மரம் தானா பட்டுப்போச்சுன்னா நீங்க சிமென்ட் போட்டுக்குங்க. பூ விட்டுச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"தானான்னா?"

"தானாத்தான். அடிமரத்துல அரிவாள் பட்டுச்சுன்னா எங்க அண்ணனைக் கூப்பிடுவேன்."

அண்ணன் லாரி ஓட்டுகிறவர். அவர் கையும் லாரி மாதிரிதான் இருக்கும். அரிவாள் வேண்டாம் என்று சூப்பர்வைசர் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று திரும்பினாள். "என்னங்க, அந்த வேரை மட்டும் தோண்டிடாதீங்க. வேர்ல வெயில் பட்டா மரம் அவ்வளவுதான்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அவள் தெருமுனை திரும்புவதற்குள் இவர் கையில் மண்வெட்டி. எந்தப் பக்கம் பிடிப்பது என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரமானது. நாலு நாள் தோண்டினார். மரத்தைச் சுற்றி அரையடிப் பள்ளம் விழுந்து, வேர் வெளியே தெரிந்தது. அதற்கு மேல் முதுகு பிடித்துக்கொண்டது. மனைவி கேட்டால் சொல்ல எலி வளை என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தார், சொல்லவும் செய்தார்.

அவள் அவர் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே, "பாவம், எலி ரொம்ப உழைச்சிருக்கு" என்றாள்.

இதில் ஏதாவது உறைத்ததா என்றால், தைலம் மட்டும்தான் உறைத்தது.

அடுத்து அவளே வழி காட்டினாள். இனிமேல் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு, ஒரு நாள்கூட நிறுத்திவிடாதீர்கள், மூன்று வாரம் தண்ணீர் இல்லையென்றால் இலையெல்லாம் கொட்டிவிடும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். மூன்று வாரம் என்று கணக்கும் கொடுத்த பிறகு யார் விடுவார்கள்? ஆனால் வாளி காய்ந்து கிடந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் தினமும் பத்து வாளி பிடித்தார். பத்தையும் வீட்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் முன்வாசல் பூந்தொட்டிகளில் கொட்டினார். மரத்துக்கு ஒரு வாளி ஊற்றுவதைவிட இது பத்து மடங்கு வேலை. ஏமாற்றுகிற வேலை என்றால் சோம்பேறிக்கும் பலம் வந்துவிடும்.

பூந்தொட்டிகள் குப்பென்று தழைத்தன. தெருவில் நாலு பேர் பாராட்டினார்கள். அதையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் எலுமிச்சை மஞ்சளடித்து, இலை கொட்டியது. மனைவி அன்று சாயங்காலமும் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் வெறும் குச்சி. வெயில் நேராக மூஞ்சியில் விழுந்தது. நகரவில்லை. அன்று வாரவிடுமுறை என்பதால் சூப்பர்வைசர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். என்னவோ போலிருந்தது. பசி என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

இந்த நிலைமையில் காய்ந்த கிளையையும் அடியில் கிளம்புகிற கொம்பையும் வெட்டினால் மரத்தின் கதை முடிந்தது, அதை மட்டும் செய்துவிடாதீர்கள் என்றாள். வெட்டினார். கிளைதானே, அடிமரம் இல்லையே. சட்டம் பேசினவர் முள்ளை மறந்துவிட்டார். ரெண்டு கையும் சல்லடை. மருந்துக்கடையிலிருந்து அவளே களிம்பு கொண்டுவந்து போட்டாள். எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை.

கடைசியாக எரு. "எரு மட்டும் கிட்ட வரக் கூடாதுங்க. பட்டினி கிடந்த வயித்துல விருந்தைத் திணிச்ச மாதிரி ஆயிடும். அதுல தண்ணியும் தேங்குச்சுன்னா வேர் அழுகிடும்."

தெருக்கோடி மாட்டுத் தொழுவத்திலிருந்து மக்கிய எரு ரெண்டு மூட்டை, தலைமேல் வைத்துச் சுமந்து வந்தார். சொந்தக் கல்யாணத்துக்குக்கூட அவர் ஒரு பெட்டி தூக்கினதில்லை. எருவைப் பள்ளத்தில் கொட்டி, மண்ணைத் தள்ளி மூடி, மூன்று நாள் காலை ஹோஸைத் திறந்துவிட்டார். மரம் தண்ணீரில் நின்றது. இத்தோடு ஒழிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு, அடுத்த மாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை சிமென்டோடு வரும்படி மேஸ்திரிக்குச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் பின்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சாவு விழுந்த இடத்தில் என்ன வேடிக்கை?

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். சூப்பர்வைசர் பந்தாவாகப் பின்கதவைத் திறந்தார்.

மரம் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. இலை தெரியாத பூ. தேனீ மொய்க்கிற சத்தம் கதவு வரைக்கும் கேட்டது. மனைவி அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ரெண்டு பூ கிடந்தது.

மேஸ்திரி சிமென்ட் மூட்டையை இறக்கவே இல்லை. "யார் சார் பண்ணது? கை தேர்ந்த ஆளா இருக்கணும். வேரைக் காயவிட்டு, தண்ணியை நிறுத்தி, கிளையைக் கழிச்சு, அப்புறம் எருவும் தண்ணியும் குடுத்திருக்காங்க. எலுமிச்சைக்கு இதான் வைத்தியம்."

சூப்பர்வைசர் தேதி பார்க்கச் சமையலறைக்கு ஓடினார். மூன்று மாசக் கெடு முடிந்திருந்தால் பூத்தது செல்லாது என்று ஒரு வாதம் அவருக்குத் தோன்றியிருந்தது. வீட்டில் இருந்த ஒரே காலண்டர் அங்கே அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கியது. அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. அந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான ஒளிவிடம் கிடையாது.

கெடு முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. எண்ணுவதற்காகப் பழைய மாசத் தாள்களைப் புரட்டியபோது, தேதிக் கட்டங்களில் மனைவியின் பென்சில் எழுத்தும் கண்ணில் பட்டது.

'வேர். தோண்டாதீங்கன்னு சொல்லணும். அரையடிதான் ஆழம், அதுக்கு மேல அவர் முதுகு விடாது.'

'தண்ணி. நிறுத்தாதீங்கன்னு சொல்லணும்.' அதற்குக் கீழே, ரெண்டு நாள் கழித்து: 'முன்வாசல் தொட்டிக்கும் இனி நான் ஊத்த வேண்டாம்.'

'எரு. ரெண்டு மூட்டை. வேண்டாம்னு அழுத்திச் சொல்லணும்.'

தாளைப் புரட்டினார். வரப்போகிற மாசத்திலும் எழுதியிருந்தது. 'மொட்டைமாடித் தண்ணித் தொட்டி, பாசி. கழுவாதீங்கன்னு சொல்லணும்.'

காலண்டரைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் வந்தார். "இதெல்லாம் யார் உனக்குச் சொன்னது?"

"நர்சரிக்காரர்தான். பிரஷர் மாத்திரைக்கு மாசாமாசம் என் கடைக்குத்தானே வர்றாரு."

"என்னை ஏமாத்தி வேலை வாங்கியிருக்கே."

"ஆள் வைக்கலாமான்னு கேட்டேன். நான் எதுக்கு இருக்கேன்னு நீங்கதான் சொன்னீங்க."

மேஸ்திரி சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சூப்பர்வைசருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அறிவும் கூடவே வந்ததாக நினைத்தார். அவள் பேச்சுக்கு எதிராகச் செய்ததால்தானே மாட்டினோம்?

"கேட்டுக்க. இனிமே உன் தந்திரம் எங்கிட்ட பலிக்காது. நீ என்ன சொல்றியோ அதை அப்படியே செய்வேன். இம்மி பிசகாமச் செய்வேன். என்ன பண்ணுவே?"

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி பூவை முகர்ந்தாள். "அப்ப மேல தொட்டியைக் கழுவிடுங்க."

ஜெயித்த முகத்தோடு பிரஷ்ஷை எடுத்தார். மேஸ்திரி ஏணியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். விறுவிறுவென்று ஏறினார். ஏழாவது படியில்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. அப்படியே நின்று கீழே குனிந்தார்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றிருந்த மனைவி, "பார்த்து" என்றாள்.