ஏழரை சாரின் பூதப்படை

கண்ணை உருட்டிப் பயமுறுத்தும் மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். பல்லைக் கடித்துப் பயமுறுத்துகிறவர்களையும் அறிவேன். ஆனால் ஒற்றைக் கண்ணை மூடியே ஒரு காலனி முழுவதையும் நடுங்க வைத்தவர் யார் என்று உலக வரலாற்றைத் துழாவினால் ஒருவர்தான் அகப்படுவார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அவர் புனேயின் நிக்டியில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழே குடியிருந்தார்.

அவருக்குத் தாய்தந்தையர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் ஏழரை சார். கோயம்புத்தூர்க்காரர், தனிக்கட்டை, பக்கத்துத் தொழிற்சாலையில் வரைபடக்காரர். மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டு, எதிரே வருகிறவரை நோக்கிக் கையை நீட்டி, விரலிடுக்கில் ஒரு கோணி ஊசியை நிமிர்த்திப் பிடித்து, இடக்கண்ணை மூடுவார். ஊசிமுனை நம் உச்சந்தலையில் இருக்கும். அவருடைய கட்டைவிரல் நகம் நம் மோவாயில் இருக்கும். அந்த அளவை அப்படியே கீழே இறக்கிக்கொண்டே வந்து, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று முணுமுணுத்து, பாதத்தில் "ஏழரை!" என்று முடிப்பார். நன்றாக வளர்ந்த மனிதன் தன் தலையைப் போல் ஏழரை மடங்கு உயரம் என்பது உருவம் செய்கிறவர்களின் கணக்காம். அது பின்னால்தான் தெரிந்தது. விடியற்காலையில் பால் வாங்க இறங்கும் ஒரு தமிழ்ப்பெண்ணின் நெற்றிக்கு நேரே ஊசியை நீட்டி அந்தச் சொல்லைச் சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நானோ பிறவியிலேயே பயந்தவள். ஒரு பள்ளியில் நூலகராக இருந்தேன். நிறையப் படித்தும் இருந்தேன். பயப்படுவதற்குப் படிப்பு ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. மின்சாரம் போனால் பயம்; போன மின்சாரம் திரும்பி வந்து குளிர்பெட்டி உறுமினால் அதைவிடப் பயம்.

"நம்மள அளக்காருன்னா என்னட்டி இப்ப? தையக்காரனுந்தான் அளக்கான்" என்பார் என் கணவர். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம்.

"தையக்காரன் சட்டைக்கு அளக்கான். இவரு எதுக்கு அளக்காருன்னு கேட்டேளா?"

எதற்கு என்பதை முகுந்தன் சொன்னான். அவன் என் கணவருடன் வேலை பார்த்த சென்னைப் பையன், இளம் பொறியாளன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் நண்பர்களும் எங்கள் குடியிருப்போர் சொசைட்டி ஹாலின் டேபிள் டென்னிஸ் மேசையில் ஒரு போர் விளையாட்டு ஆடுவார்கள். கட்டைவிரல் உயரத்தில் பூதங்களும் வீரர்களும் இரண்டு பக்கமும் அணிவகுத்து நிற்க, பகடை உருட்டி ஒருவரையொருவர் வெட்டிச் சாய்ப்பார்கள். யாரோ இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஈயப் பொம்மைகள் போதவில்லை. சார் அழகாகக் கோடு போடுகிறவர் என்று கேள்விப்பட்டு அவரிடம் போய், "எங்களுக்கு ஒரு பூதப்படை செஞ்சு தர முடியுமா சார்?" என்று கேட்டுவிட்டார்கள். அன்று பிடித்தது சனி, அவரையல்ல, எங்களை.

குழாய் ஒழுகினால் அடைப்பதற்கென்று ஹார்டுவேர் கடையில் இரட்டைப் பசை விற்பார்கள். இரண்டு நிற உருண்டைகளைச் சேர்த்துப் பிசைந்தால் சாம்பல் நிற மாவாகும். சற்று நேரத்தில் கல்லாக இறுகிவிடும். கம்பியை வளைத்து எலும்புக்கூடு செய்து, அதன்மேல் அந்த மாவை அப்பி, பல்மருத்துவர் கழித்த கருவிகளாலும் ஊசிகளாலும் செதுக்குவார் சார். மாவு இறுகுவதற்குள் வேலை முடிய வேண்டும். அந்த நேரத்தில் கேஸ் சிலிண்டர்காரன் கதவை இடித்தாலும் திறக்க மாட்டார்.

முதல் அணி தயாரானபோது மேசையைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு முகுந்தன், "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இது பூதமா, பஸ்ஸுக்கு நிக்கிறவரா?" என்றான்.

அன்று மாலை சார் என் வாசலில் வந்து நின்றார். உள்ளங்கையில் ஒரு பூதம்.

"அம்மணி, அங்கிருந்தே பாத்துச் சொல்லுங்க. இவன் கையில என்ன இருக்குதுங்க?"

"பல்குத்துற குச்சியா சார்?"

"கதாயுதமுங்க."

தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். வரைபடக்காரர் அல்லவா? மனிதனை அப்படியே கணக்குப் பிசகாமல் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கியிருந்தார். சுருங்கியதில் முகம் கடுகாகி, ஆயுதம் துரும்பாகி, பூதத்தின் கோபம் அஜீரணம் போலத் தெரிந்தது.

அதன்பின் அவர் பிடித்த பிடியை யாராலும் தளர்த்த முடியவில்லை. "நாலடி தள்ளி நிக்கறவன் கண்ணுக்குப் பயம் வரோணும்னா தலையும் கையும் நெசத்தை விடப் பெருசா இருக்கோணுமுங்க" என்றார்.

"அப்படின்னா எங்களை எதுக்கு சார் அளக்கீங்க?"

"பொய் சொல்றதுன்னா நெசம் எத்தனைன்னு மொதல்ல தெரிஞ்சிருக்கோணுமல்லங்க?"

அடுத்த அணியில் பொய் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. தர்பூசணி போன்ற தலைகளின் பாரம் தாங்காமல் பூதங்கள் ஒவ்வொன்றாக எதிரியின் முன் சாஷ்டாங்கமாக விழுந்தன. அதற்கடுத்த அணியில் தலையைக் குறைத்து முஷ்டியைப் பெருக்கினார். முஷ்டி முகத்தை மறைத்து, படை முழுவதும் வெட்கப்படுவது போலிருந்தது. எல்லாம் சரியாக அமைந்த அணியிலோ ஒன்றின் மூக்கு கிளிமூக்கு, மற்றதன் மூக்கு பஜ்ஜி. ஒன்றின் வேட்டி பட்டுப்போல் மடிந்திருக்கும். அடுத்ததன் வேட்டி தார்ப்பாய். "ஒரே படைன்னா ஒரே வயித்துல பொறந்தவனுங்க மாதிரி இருக்கோணுமுங்க" என்று சொல்லி அத்தனையையும் சுத்தியலால் நொறுக்கினார். அந்தச் சத்தம் மேலே என் சமையலறைத் தரையில் அதிர்ந்தது. யாரை அடிக்கிறாரோ என்று நான் கரண்டியைப் பிடித்தபடி போய் வாசற்கதவைத் தாழிட்டேன்.

கடைசியில் ஒரு வழி கண்டார். மூக்கு, காது, விரல்மூட்டு எல்லாவற்றையும் ஒரே கத்தியால், ஒரே ஆப்பு வடிவில் வெட்டினார். அதனால் சாயல் ஒன்றாயிற்று. நிற்கும் தோரணையை மட்டும் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிறு மதியம் என் கணவர் பால்கனியில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எதிரிலிருந்த தண்ணீர்த்தொட்டி மேடையில் ஏறி நின்று, ஒரு கண்ணை மூடி, அவரைத் தலையிலிருந்து கால்வரை அளந்துகொண்டிருந்தார் சார். எங்கள் பக்கத்தில் படுத்திருப்பவரை அளப்பது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். நான் போட்ட கூச்சலில் தொட்டிமேல் இருந்த புறாக்களெல்லாம் பறந்தன.

"பயப்படாதீங்க அம்மணி! வெட்டுப்பட்டு விழுந்தவனுக்கு ஒரு தோரணை வேணுமுங்க. உங்க வீட்டுக்காரரு மாதிரி இத்தனை நல்லாச் சாகறவங்க இந்தக் காலனியிலயே கிடையாதுங்க!"

கணவர் விழித்து, விஷயத்தைக் கேட்டு, கொஞ்சம் பெருமைப்பட்டார். நான் அன்றிரவு அவர் மூச்சு விடுகிறாரா என்று பலமுறை எழுந்து பார்த்தேன்.

இதுவரை நடந்தது வேடிக்கை. விநாயகர் சதுர்த்தி முடிந்த வாரம் அது வேடிக்கையாக இல்லாமல் போயிற்று.

சொசைட்டிச் செயலாளர் பாட்டீல் காகாவின் மனைவி, நாங்கள் காகூ என்று கூப்பிடும் அம்மாள், பிரசாதம் கொடுக்க சார் வீட்டுக்குப் போனார். கதவு திறந்திருந்தது; சார் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தார். மேசையில் சாம்பல் நிறத்தில் பூதங்கள் வரிசையாக நின்றன. முன்னால் நின்ற தலைமைப் பூதம் வயிற்றை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் வரும் தோரணையில் இருந்தது. நிக்டியில் அப்படி நடப்பவர் ஒருவர்தான். அந்த வயிற்றின் குறுக்கே ஓர் ஊசி பாய்ந்திருந்தது. காகாவுக்கோ அன்று காலையிலிருந்து வயிற்றுவலி.

"கரணி! ஹ்யானே கரணி கேலீ!" என்று காகூ அலறியது மூன்றாம் மாடிவரை கேட்டது. செய்வினைக்கு மராத்தியில் கரணி என்று பெயர்; இவன் செய்வினை வைத்துவிட்டான் என்கிறார். காகூவுக்கு முந்தைய மாதம் வந்த காமாலை, எதிர்க்கட்டடத்துக்காரர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது, ஒரு பெண்ணுக்கு நிச்சயம் தட்டிப்போனது எல்லாம் அந்த ஒரே ஊசியில் கோக்கப்பட்டன.

அன்று மாலைக்குள் எல்லா வாசல்களிலும் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. யாரோ குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்றை சார் வாசற்படியில் வைத்துவிட்டு ஓடினார்கள். மறுநாள் அவர் என்னிடம், "இங்கத்த சனங்க நல்லவங்கங்க. பழமெல்லாம் வெச்சுட்டுப் போறாங்க. கழுவிப் புழிஞ்சு சர்க்கரை போட்டுக் குடிச்சேன், குளுகுளுன்னு இருந்துச்சுங்க" என்றார். செய்வினை கழித்த எலுமிச்சையைக் குடித்துவிட்டுச் சிரிக்கிற மந்திரவாதியை அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. அவர் வாசலைக் கடக்க அஞ்சி மக்கள் காலனியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நானும் அவர்களோடு சுற்றினேன்.

அவர் வாடகைக்கு இருந்தவர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் செயலாளர் கையெழுத்து வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கூட்டம் என்று அறிவித்தார்கள். வெளியேற்றுவதோடு நிற்க வேண்டாம், போலீசில் கொடுக்கலாம் என்றார்கள் சிலர். முதலில் பொம்மைகளை உடைக்கலாம் என்றார்கள் வேறு சிலர். சாருக்கு மராத்தி தெரியாது. இந்தியில் போதும் என்கிற 'பஸ்', போகலாம் என்கிற 'சலோ' இரண்டும் தெரியும். அவர் சொல்வதை மொழிபெயர்க்க ஒருவர் வேண்டுமென்று தேடியபோது, தபாலில் இந்தி படித்துத் தேறிய பாவத்துக்காக நான் அகப்பட்டேன்.

ஹாலில் உட்கார இடமில்லை. பின்வரிசையில் ஓர் இளைஞன் கிரிக்கெட் மட்டையை ஊன்றி நின்றான். சார் தம் படையை இட்லித் தட்டில் எடுத்து வந்திருந்தார், குழிக்கு ஒரு பூதம். நான் அவருக்கு முன்னால் நின்றேன்.

"இது யார்?" என்று தலைமைப் பூதத்தைக் காட்டிக் கேட்டார் காகா.

"அவருதானுங்க. வயிறு ரெண்டு தலை அகலம். நான் மூணாக்கிட்டேன்" என்றார் சார்.

நான் இந்தியில் சொன்னேன்: "தலைவருடைய கம்பீரம் உள்ளபடி செய்தால் அடங்கவில்லையாம். கொஞ்சம் கூட்டியிருக்கிறார்."

காகா மீசையைத் தடவினார். காகூ விடவில்லை. "சூயி க்யோங்?" ஊசி எதற்கு?

"கூட்டின மாவு இறுகற வரைக்கும் தொங்கிப்போகாம இருக்க முட்டுக் குடுத்ததுங்க. இறுகினப்பறம் எடுக்க மறந்துட்டேன். உருவிக் காட்டட்டுங்களா?"

மொழிபெயர்த்தேன். "நக்கோ, நக்கோ!" என்று காகூ கையை ஆட்டித் தடுப்பதற்குள் சார் ஊசியை உருவிவிட்டார். அத்தனை கண்களும் காகாவின் வயிற்றின்மேல். காகா இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றார். பிறகு நீளமாக ஓர் ஏப்பம் விட்டார். பல நாட்களாக வராமல் இருந்த ஏப்பமாம்.

யாரோ சிரித்தார்கள். ஆனால் மட்டைக்காரன் இரண்டடி முன்னால் வந்தான். "அந்த ஓரக்குழியில் துணி போட்டு மூடியிருப்பது யார்?"

"அது முடியலீங்க" என்று சார் தட்டைப் பின்னுக்கு இழுத்தார். முதல்முறையாக அவர் முகத்தில் பயம் தெரிந்தது. அதைக் கண்டு நான் பயந்தேன். காகூ சட்டென்று கையை நீட்டித் துணியை எடுத்துவிட்டார்.

புடவைத் தலைப்பைச் செருகி, காய்கறிப் பையை மார்போடு அணைத்து, தோள்கள் காதுவரை ஏறிய ஒரு பெண். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஹால் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

"இவங்க பூதமில்லைங்க. பூதங்க வர்ற ஊர்ல இருக்கறவங்க" என்றார் சார், என்னைப் பார்க்காமல். "பயந்தவங்களைச் செய்யறதுதாங்க ரொம்பக் கஷ்டம். பயந்தா எல்லாரும் பின்னால சாய்வாங்க. அம்மணி சாயறதில்லீங்க. தோளு மட்டும் மேல ஏறும். காலு வெச்ச எடத்துலயே நிக்கும். அது எனக்குப் புடிபடவே மாட்டேங்குது. எத்தனையோ தடவை செஞ்சு அழிச்சுட்டேன். இப்பக்கூடப் பாருங்க."

குனிந்து பார்த்தேன். மட்டைக்கும் இட்லித் தட்டுக்கும் நடுவில் என் கால்கள் நின்றுகொண்டிருந்தன.

"க்யா போலா?" என்றார் காகூ. என்ன சொன்னான்?

வாய் திறந்தேன். அதை இந்தியில் சொல்ல என்னால் முடியவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. எனவே, "அடுத்து உங்களைச் செய்யப் போகிறாராம். மகாராணியாக" என்றேன்.

காகூ முந்தானையைச் சரிசெய்தார். "பினா சூயி?" என்று கேட்டார்.

"ஊசியே இல்லாமல்" என்று சத்தியம் செய்தேன்.

காகூ கணவரைப் பார்த்தார். காகா பேனாவைத் திறந்தார்.

அந்த மகாராணிக்காக சார் பட்ட பாடு தனி. சில ஆண்டுகள் கழித்துத் தொழிற்சாலையில் கணினிகள் வந்து வரைபடப் பலகைகளை அகற்றியபோது அவர் கோயம்புத்தூருக்கே திரும்பிப் போனார். காய்கறிப் பைக்காரியைக் கடைசிவரை முடிக்கவில்லை. முடியாததைக் கொடுக்க மாட்டேன் என்று கையோடு எடுத்துப் போய்விட்டார்.

எனக்கு இன்னும் எல்லாவற்றுக்கும் பயம்தான். பயம் வந்ததும் முதலில் குனிந்து கால்களைப் பார்த்துக்கொள்கிறேன். வைத்த இடத்திலேயே நிற்கின்றன, சார்.