சும்மா இருப்பதற்கான சாத்தியக்கூறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நான் நலம். நீயும் அத்தானும் பொடிசும் நலமென்று அத்தான் சொல்லித் தெரிந்துகொண்டேன். நீ சொல்லித் தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நலமாக இருந்திருப்பேன். போன் செய்தால் வைத்துவிடுகிறாய். கடிதம் எழுதும் யோசனை அத்தானுடையது. "எழுதிப் போடும்மா. போன்ல பேசினா குறுக்க பேசுவா. கடிதத்துல குறுக்க பேச வழியே இல்ல பாரு" என்றார். இத்தனை வருடம் உன்னோடு குடித்தனம் செய்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இனிமேல் சனிக்கிழமைகளில் பொடிசை என்னோடு அனுப்பப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறாயாம். அந்த முடிவை நீ மாற்ற வேண்டும். அதற்காக மட்டும்தான் இந்தக் கடிதம். வாரம் முழுவதும் நான் வேலைக்குப் போவதே சனிக்கிழமை வரும் என்ற நம்பிக்கையில்தான்.

எல்லாம் எங்கள் மேடத்தின் ஒரு மதியத் தூக்கத்தில் ஆரம்பித்தது. நீ 'அந்தப் பிள்ளைங்க ஆபீஸ்' என்று சொல்லும் எங்கள் குழந்தை உரிமை அலுவலகத்தில் மதியம் எல்லோருக்கும் கண் சொக்கும். மேடத்துக்கு மட்டும் கனவும் வரும். அன்றைக்குக் கண்ணைத் திறந்தவர், "குழந்தைக்கு ஓய்வெடுக்கவும் உரிமை இருக்குன்னு அத்தனை நாடும் ஒத்துக்கிட்டு எழுதி வெச்சிருக்கு. படிக்க வைக்கத் திட்டம் போட்டோம், ஊசி போடத் திட்டம் போட்டோம், சும்மா இருக்க யாராவது திட்டம் போட்டோமா?" என்று கேட்டார். யாரும் போடவில்லை. அப்படித்தான் பிறந்தது திட்டம்: ஊருக்குள் ஓர் அறை, அங்கே யாரும் எதையும் சொல்லித்தர மாட்டார்கள், குழந்தைகள் வந்து சும்மா இருக்கலாம். நிதி தருகிறவர்களுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் குழந்தைகள் சும்மா இருப்பது நடைமுறையில் சாத்தியமா என்று முதலில் ஓர் ஆய்வு செய்து காட்டுங்கள் என்றார்கள். அந்தச் சாத்தியக்கூறு ஆய்வுக்கு ஆள் பிடிப்பதும், அவர் செய்ய வேண்டியதை எழுதிக் கொடுப்பதும் என் தலையில் விழுந்தன.

அறை சுலபமாகக் கிடைத்தது. கடைத்தெருவில், மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மாடி. ஒரு சுவர் முழுக்க நீல வானமும் மேகங்களும் வரைந்திருக்கும். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லாம் போய்விட, வானம் மட்டும் இன்னும் போஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆள்தான் கிடைக்கவில்லை. விண்ணப்பித்தவர்களில் ஒருவர், சும்மா இருப்பது எப்படி என்று குழந்தைகளுக்கு முதலில் பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டும், கடைசியில் பரீட்சையும் வைக்கலாம் என்றார். இன்னொருவர் குழந்தைகளின் மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டி, சும்மா இருக்கும்போது பச்சை விளக்கு எரிய வைப்பதாகச் சொன்னார். மூன்றாமவர் நேர்காணலுக்கு வந்து உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வெகுநேரம் வெளியே பார்த்துவிட்டு, "ரூம்ல ஃபேன் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். "என்ன ஆழமான மனுஷன்!" என்றார் மேடம். அவரே எங்கள் ஆய்வாளர் ஆனார். உடனே ஒரு மடக்கு நாற்காலியோடு அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவருக்கான நிபந்தனைகளை எழுதும்போது நான் ரொம்ப நியாயமாக இருக்கப் பார்த்தேன். ஆய்வால் எந்தக் குழந்தையின் எந்த வகுப்பும் தடைபடக் கூடாது என்று ஒரு வரி. பெற்றவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு வரி. எழுதும்போது எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! அந்த முதல் வரியால் ஊரில் ஒரு குழந்தைகூடக் கிடைக்கவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினேன். நீச்சல், கீபோர்டு, கையெழுத்து, அபாகஸ், நடுவில் சாப்பாடு. ஓர் அம்மா, "சும்மா இருக்கறதுல எத்தனை லெவல் இருக்கு? கடைசில சர்டிபிகேட் தருவீங்களா?" என்றார். இன்னொருவர், "பக்கத்து வீட்டுப் பொண்ணு சேர்ந்துட்டாளா? அப்படின்னா எங்க பொண்ணையும் போட்டுக்குங்க, ஆனா அனுப்ப முடியாது" என்றார். ஓர் அப்பா மட்டும், "எங்க வீட்டுப் பிள்ளை இதுல ஏற்கெனவே அட்வான்ஸ் லெவல்ங்க, அதனாலதான் டியூஷன் வெச்சிருக்கோம்" என்று பெருமையும் துக்கமும் கலந்து சொன்னார். சும்மா இருக்க முடியுமா என்று பார்ப்பதற்கே ஊரில் யாருக்கும் சும்மா இருக்க நேரமில்லை. நான் அலைந்து களைத்து மாடிக்குப் போனால், ஆய்வாளர் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "வருவாங்க" என்பார். யாரைச் சொல்கிறார் என்று நானும் கேட்டதில்லை. அந்த அறையில் எதையும் கேட்கத் தோன்றாது.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கோபத்தை ஒரு நிமிஷம் ஓரமாக வைத்துவிட்டுப் படி. நீச்சல் முடிந்து பொடிசைச் சதுரங்க வகுப்புக்கு அழைத்துப் போனேன். அந்த மாடி வழியில்தான் இருக்கிறது. ஆய்வாளரிடம் ஒரு காகிதம் கொடுக்க வேண்டியிருந்தது. சத்தியமாக அவ்வளவுதான். வாசலில் நின்று உன் மகள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சித்தி, இங்க என்ன க்ளாஸ்?"

"ஒண்ணும் இல்லடா."

"மிஸ் எங்க?"

"மிஸ்ஸே கிடையாது. இங்க சும்மா இருக்கலாம்."

நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "அப்ப நான் முடிச்சுட்டேன்னு யாரு சொல்லுவாங்க?"

உள்ளே வர்றியா என்று கேட்டேன். வந்தாள். முதுகில் பையோடு, கையைக் கட்டிக்கொண்டு, அறையின் நடுவில் விறைப்பாக நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரியா பண்றேனா?" என்றாள். ஆய்வாளர், "எனக்கும் தெரியாதும்மா" என்றார். அதைக் கேட்டதும் அவள் தோள் இறங்கியதை நீ பார்த்திருக்க வேண்டும். பையைக் கழற்றினாள். உட்கார்ந்தாள். பிறகு ஈரத்தலையோடு தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் ஊர்ந்து வந்து அவள் கால்மேல் ஏறி, மறுபக்கம் இறங்கிப் போயிற்று. தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். அந்தச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்து சேர்ந்தது. வரைந்த மேகம் நகர்வதாகப் பொடிசு சொன்னாள். நகரவில்லை என்றேன். பிறகு பார்த்தேன். நகர்ந்த மாதிரிதான் இருந்தது. போன் பையில் இருந்தது, பை நாற்காலியில் இருந்தது, நாற்காலி வெகு தொலைவில் இருந்தது. நேரம் பார்க்காததற்கு இதைவிட உண்மையான காரணம் என்னிடம் இல்லை.

பிறகுதான் நீ வந்தாய். வகுப்பிலிருந்து உனக்குப் போன் போயிருக்கிறது, நீயும் அத்தானும் தெருத்தெருவாகத் தேடியிருக்கிறீர்கள். வாசலில் நின்று, "என் பொண்ணைத் தரையில போட்டு என்னடி பண்ணிட்டிருக்க?" என்று நீ கத்தியபோது ஆய்வாளர் உதட்டில் விரலை வைத்து, "கொஞ்சம் மெதுவாங்க, ஆய்வு நடக்குது" என்றார் பார், உலகத்தில் எந்த மனிதரும் எந்தத் தாயிடமும் சொல்லக் கூடாத வார்த்தை அது. அத்தான் பொடிசைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். நீ வரவில்லை, ஆய்வாளரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவதற்காக மேலேயே நின்றுவிட்டாய். பாவம், நன்றாகக் கேட்டிருப்பாய். திங்கட்கிழமை மேடம் என்னை அழைத்து, சொந்தக்காரப் பிள்ளையைச் சம்மதமில்லாமல் ஆய்வுக்குள் நுழைத்ததால் ஆய்வு முடியும்வரை அந்த மாடிப் படியில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். விதியை எழுதியவளும் நான், மீறியவளும் நான், தண்டனைக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவளும் நானே.

அன்று கீழே இறங்கி வந்து கிளம்பும்போது நீ கேட்டாய்: "என்னைக் கேட்டியா?" கேட்கவில்லை. அவளைக் கேட்டேன், அதுவே பெரிய நியாயம் என்று நினைத்துக்கொண்டேன். நான் படித்த கதைகளில் எல்லாம் குழந்தைகள் நீண்ட மதியங்களில் தனியாகக் கிடந்து எதையாவது கண்டுபிடிக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களுடைய அம்மாக்கள் எங்கே இருந்தார்கள் என்று எந்தக் கதையிலும் எழுதியிருக்காது, நானும் கவனித்ததில்லை. தேடித் தேடி நீ எப்படி ஓடி வந்திருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு மன்னித்துவிடு. ஆனால் அவள் தோள் இறங்கியதே, அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். சதுரங்கத்துக்கு நானே நேரத்தோடு கொண்டுபோய் விடுகிறேன். வழியில் எங்கும் நிற்க மாட்டேன். அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போகிறேன். சனிக்கிழமையை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடாதே.

அத்தானுக்கு என் வணக்கம். பொடிசுக்கு ஒரு முத்தம், உன் முன் சம்மதத்தோடு. நீ நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, என்மேல் குறைவாகக் கோபப்பட்டு நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டேன், மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். ஆய்வாளரின் அறிக்கை இன்று அலுவலகத்துக்கு வந்தது. தட்டச்சு செய்ய என்னிடம்தான் கொடுத்தார்கள். சம்மதமில்லாமல் வந்த பொடிசைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், குழந்தை யாரும் வரவில்லையாம். ஒரே ஒருவர் மட்டும் அன்றாடம் தவறாமல் வருகிறாராம். ஆய்வாளர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "இவர் ஒரு குழந்தையின் தாய். முதல் நாள் சண்டை போட வந்தார். சண்டை போடுவதற்காக உட்கார்ந்தார். இன்னும் ஆரம்பிக்கவில்லை. மகள் வகுப்பில் இருக்கும் நேரமெல்லாம் இங்கே ஜன்னலோரம் இருக்கிறார். பெயர் கேட்டால் சொல்வதில்லை. 'என் தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க' என்றார். முடிவு: சும்மா இருப்பது சாத்தியமே." மேலே எழுதியதையெல்லாம் படிக்காதே, கிழித்துப் போடு. ஆய்வு முடிந்ததால் என் தடையும் தீர்ந்தது. இந்தச் சனிக்கிழமை அத்தானிடம் சொல்லிவிட்டு, சதுரங்க வகுப்புக்கும் சொல்லிவிட்டு, பொடிசை நேராக அங்கேதான் அழைத்து வரப்போகிறேன். நீ அங்கேதான் இருப்பாய். ஆனால் ஜன்னலோரம் குழந்தைகளுக்கென்று ஒதுக்கியது அக்கா. கொஞ்சம் தள்ளி உட்கார்.