சீனத்துப் பாலமும் செந்தூர்க் காவடியும்

தாராவியில் செருப்புக் கடை வைத்திருக்கும் பூலோகம் ஒரு பெரிய முடிவு எடுத்தார். அறுபது வயது முடிந்ததற்காக மகன் எங்காவது சுற்றுலா அனுப்பி வைக்கிறேன் என்கிறான். அப்படியானால் திருச்செந்தூரிலிருந்து எந்த ஊர் அதிக தூரமோ, அந்த ஊருக்குப் போய்விட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவருடைய இடது முழங்கால். ஆறு வருஷத்துக்கு முன்னால் கடைப் பரணிலிருந்து இறங்கும்போது பிசகியது. நாற்பது நாள் படுக்கை. அவர் மனைவி சங்கரேஸ்வரி அவரை ஒரு வார்த்தை கேட்காமல் நேர்ந்துகொண்டாள். "முருகா, இவுக காலு நேராச்சுன்னா எங்க சொந்த ஊர்லருந்து செந்தூர் வரைக்கும் காவடி எடுத்து நடந்து வருவாக!"

நாற்பத்தோராவது நாள் கால் நேராகிவிட்டது. பூலோகம் அதை யாரிடமும் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வார்? சொன்னால் இருபத்தொரு நாள் விரதம், மீன் கிடையாது. முப்பத்தொரு கிலோமீட்டர் நடை, அதுவும் செருப்புக் கடைக்காரர் வெறுங்காலோடு. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மேளம் அடிக்க அடிக்க, சொந்தபந்தம் பார்க்கப் பார்க்க, மஞ்சள் வேட்டியோடு தெருவில் ஆட வேண்டும். பூலோகம் கூச்சக்காரர். தன் கல்யாணத்திலேயே தலை நிமிராமல் மாலை போட்டு, அது பக்கத்தில் நின்ற பெரியம்மா கழுத்தில் விழுந்த ஆள்.

ஆகவே அவர் நொண்டினார். ஆறு வருஷமாக ஒருநாள் விடாமல் நொண்டினார். நொண்டுவதில் வேறு லாபங்களும் இருந்தன. சயான் ஸ்டேஷன் படியில் பை தூக்க வேண்டாம். மாட்டுங்கா மார்க்கெட்டுக்குத் துணை போக வேண்டாம். உட்கார்ந்த இடத்துக்குக் காப்பி வந்தது.

இப்போது மகன் மாரிசெல்வம் கேட்டான். "எங்கப்பா போறீங்க? சிங்கப்பூர்?"

"அங்க முருகன் கோயில் இருக்குல்லா."

"மலேசியா?"

"அங்க அதவிடப் பெரிய முருகன் நிக்காரு."

"இலங்கை?"

"ஏலே, கதிர்காமம் எங்க இருக்கு? மும்ப்ராவிலயா?"

"அப்ப நீங்களே சொல்லுங்க."

"சீனா," என்றார் பூலோகம்.

சங்கரேஸ்வரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சரிங்க. சீனாவுக்கே போவோம்."

முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் சொன்னதற்கு அவள் மறுபேச்சில்லாமல் சரி என்றது இது இரண்டாவது தடவை. முதல் தடவை பெண் பார்க்கப் போனபோது. இந்தச் சரியைக் கேட்டதுமே பூலோகம் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

மும்பையிலிருந்து இவர்களோடு சேர்த்து பதினெட்டுப் பேர். ஷாங்காய்ப் பக்கத்தில் வாய்க்கால் ஓடும் பழைய ஊர்கள் மூன்றைப் பார்ப்பது திட்டம். ஊர்ப் பெயர் எதுவும் வாயில் நுழையாததால் பூலோகம் முதல் ஊர், இரண்டாம் ஊர், மூன்றாம் ஊர் என்று எண் வைத்துக்கொண்டார். வழிகாட்டி யூன் என்ற சீனப் பெண். அவள் பேசிய இந்தி தாராவிக்காரர்கள் பேசுகிற இந்தியைவிடச் சுத்தமாக இருந்ததால் பாதிதான் புரிந்தது.

முதல் ஊர் அழகாகத்தான் இருந்தது. தெருவுக்குப் பதில் தண்ணீர். வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, சிவப்பு விளக்கு. வாசல் படியிலேயே ஒருத்தி கீரை அலசினாள். அவளுக்குக் கீழே படகு போனது. பூலோகம் பதினோரு பாலம் எண்ணினார். எண்ணியதோடு சரி, ஏறவில்லை. ஒவ்வொரு பாலத்தடியிலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏளா, நீ போய்ப் பாத்துட்டு வா. என்னால முடியல."

"உக்காருங்க, உக்காருங்க. நான் போய்ட்டு வாரேன்."

திட்டவில்லை. முணுமுணுக்கவில்லை. தான் வாங்கிய பட்டுத் துணி, விசிறி, பீங்கான் கிண்ணம் எல்லாவற்றையும் தானே சுமந்தாள். இரண்டாம் ஊரிலும் அப்படியே. பூலோகத்துக்கு உள்ளூரக் குளிர்ந்தது. திருச்செந்தூரை விட்டு இத்தனை தூரம் வந்தது எவ்வளவு நல்லது! அந்த முருகனுக்கே இந்த ஊருக்கு வழி தெரியாது.

ஒரே ஒரு கஷ்டம், சாப்பாடு. முதல் நாள் ஓட்டலில் முழு வாத்து ஒன்று தலையோடு வந்து அவரையே பார்த்தது. சரி, மீன் கொண்டு வா என்றார். மீன் வந்தது. இனிப்பாக வந்தது. இனிக்கிற மீனை அவர் அறுபது வருஷத்தில் கண்டதில்லை. நல்லவேளையாக சங்கரேஸ்வரி பெட்டியில் ஒரு குட்டிக் குக்கர் கொண்டுவந்திருந்தாள். தினமும் காலையில் ஓட்டல் அறையில் சோறு வைத்து, புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைந்து, கூழ்வற்றலோடு டப்பாவில் அடைத்துக்கொள்வாள். அந்த டப்பாதான் பூலோகத்தின் உயிர்.

மூன்றாம் ஊருக்குப் போனது மூன்றாம் நாள். அன்று காலை அவள் அவருக்கு ஒன்றும் தரவில்லை. "எல்லாம் மத்தியானம் சேத்துச் சாப்பிடலாம்ங்க. இன்னைக்கு வடகமும் இருக்கு" என்றாள். மணி ஒன்றாகியும் டப்பா திறக்கவில்லை. அவர் வயிறு சீன பாஷை பேச ஆரம்பித்திருந்தது.

வாய்க்கால் கரையில் நின்று யூன் சொன்னாள். இந்த ஊரில் மூன்று பாலம். அடுத்தடுத்து மூன்றையும் திரும்பிப் பார்க்காமல் கடந்தால் நோய் நொடி போகும். கல்யாணப் பெண்ணையும் நடத்துவார்கள், வயசானவர்களையும் நடத்துவார்கள்.

"உங்க காலுக்கு நல்லதுங்க," என்றாள் சங்கரேஸ்வரி.

"நல்ல காலு இருந்தால்லா பாலத்துல ஏற? ஏறினால்லா காலு நல்லாவும்? என்ன நியாயம் இது?"

"அதுவும் சரிதான். அப்ப நீங்க இந்தப் பெஞ்சுல இருங்க. நானும் இந்தப் புள்ளையும் படகுல ஒரு சுத்து போய்ட்டு வாரோம்."

அவரைக் கல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் படகில் ஏறினாள். படகுக்காரியும் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு துடுப்பைத் தள்ளினாள். படகு இருபதடி போனது. அப்போதுதான் பூலோகம் பார்த்தார். சோற்றுப் பை படகில் இருந்தது.

"ஏளா! டப்பா!"

"என்னங்க?"

"சோத்து டப்பா! வச்சிட்டுப் போ!"

"ஐயோ, மறந்துட்டேன் பாருங்க! கடைசிப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் எறங்குவோமாம். அங்கன வந்து வாங்கிக்கிடுங்க!"

"எப்படி வருவேன்? காலு!"

அவள் காதில் விழவில்லை போலிருந்தது. டப்பாவைத் திறந்தாள். தண்ணீர் மேல் மிதந்து புளிக்காய்ச்சல் மணம் பெஞ்சு வரை வந்தது. யூன் கையில் ஒரு கவளம் வைத்தாள். யூன் கண்ணை மூடிச் சாப்பிட்டாள். படகுக்காரிக்கு ஒரு கவளம். அவள் பாட்டை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை கை நீட்டினாள்.

இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினார் பூலோகம். டப்பாவில் மொத்தம் பதினாறு கவளம் இருக்கும். ஐந்தாவது போனபோது எழுந்தார். வடகம் முதல் தடவை நொறுங்கியபோது ஓடினார்.

அந்த வாய்க்காலில் ஒரு சிக்கல். கரைப் பாதை ஒவ்வொரு பாலத்தோடும் முடிந்து, எதிர்க்கரையில் தொடங்கும். படகைத் துரத்த வேண்டுமானால் மூன்று பாலத்தையும் ஏறி இறங்கியே ஆக வேண்டும். முதல் பாலம் ஏற பதினேழு படி, இறங்க பதினேழு. ஓடும்போதும் எண்ணுவதை அவரால் நிறுத்த முடியவில்லை. இரண்டாவது பாலம் பன்னிரண்டும் பன்னிரண்டும். நடுவில் படம் எடுத்துக்கொண்டிருந்த கல்யாண ஜோடிக்கு இடையில் புகுந்து போனார். சீட்டாடிக்கொண்டிருந்த நாலு சீனக் கிழவர்கள் சீட்டைப் போட்டுவிட்டுக் கை தட்டினார்கள். குறுக்கே படுத்திருந்த நாயைத் தாண்டினார். சுற்றிப் போகவில்லை, தாண்டினார். மூன்றாவது பாலம் இருபத்தொன்று, இருபத்தொன்று. ஆக மொத்தம் நூறு படி. அவர் இறங்கித் துறையில் நின்றபோது படகு இன்னும் பத்தடி தள்ளி வந்துகொண்டிருந்தது.

"டப்பாவ... குடு!" என்றார் மூச்சிரைக்க.

சங்கரேஸ்வரி ஒரு கையால் டப்பாவைக் கொடுத்தாள். மறு கையில் செல்போன். அது அவரைப் பார்த்தபடியே இருந்தது.

யூன் குதித்துக் குதித்துக் கை தட்டினாள். "மூன்று பாலம்! திரும்பிப் பார்க்கவே இல்லை! நோய் போய்விட்டது!"

முன்னாலேயே பாலம் கடந்து வந்திருந்த மும்பைக்காரர்கள் பதினாறு பேரும் துறையில் நின்று, "வாஹ் அங்கிள்! ஏக்தம் ராக்கெட்!" என்றார்கள்.

அப்போதுதான் பூலோகத்துக்கு நொண்டலின் ஞாபகம் வந்தது. அவசரமாக முழங்காலைப் பிடித்தார். பிடித்தது வலது முழங்கால்.

"கைய எடுங்க," என்றாள் சங்கரேஸ்வரி. "மொதப் பாலத்து வீடியோ அப்பவே கோபர்கைரனேல இருக்க உங்க தங்கச்சிக்குப் போய்ட்டு. அவ ஊருக்கெல்லாம் அனுப்பிட்டா. நாப்பத்தாறு பேரு பாத்தாச்சு."

பூலோகம் படியில் உட்கார்ந்தார். "ஏளா, உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது ஜோடியிலயே தெரியும்."

"என்ன ஜோடி?"

"செருப்பு. நொண்டுத மனுசனுக்கு ஒரு செருப்பு சாஞ்சு தேயும். இந்த ஆறு வருசத்துல ஒம்பது ஜோடி மாத்திட்டீய. ஒம்பதும் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல தேஞ்சிருக்கு. செருப்புக் கடைக்காரன் பொண்டாட்டிகிட்டயா நொண்டிக் காட்டுதீய?"

ஆறு வருஷத்தில் நொண்டலின் கோணத்தைக்கூட அவர் கவனமாகப் பழகியிருந்தார். அடிப்பக்கத்தை நினைக்கவே இல்லை.

"அப்ப ஆறு வருசமா ஏன் வாயத் தொறக்கல?"

"தொறந்தா என்ன செய்வீய? மறுநாளே ஒத்தச் செருப்ப அரத்துல தேச்சு வச்சுருப்பீய. எனக்குச் சாட்சி வேணும்லா. உங்கள ஓடவச்சு நாலு பேரு பாக்கணும்."

"அத மும்பையிலயே செஞ்சிருக்கலாமே. இதுக்குப் போயி சீனா வரைக்கும்..."

"மும்பையில டப்பாவ எடுத்துட்டுப் போனா நீங்க ஓடுவீயளா? தெரு முக்குல வடாபாவ் வாங்கித் தின்னுட்டு உக்காந்துருப்பீய. உங்களுக்கு வேற சோறே எறங்காத ஊரா நானும் தேடிக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்களே சீனான்னு சொன்னீய. அடுப்படியில நின்னு முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்."

பூலோகம் டப்பாவுக்குள் பார்த்தார். டப்பாவில் ஒன்பது கவளம் மிச்சம் இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வடகத்தை உடைத்துச் சோற்றின் மேல் வைத்தாள். தண்ணீரில் மூன்று பாலமும் தலைகீழாக ஆடின. சாப்பிடச் சாப்பிட அவருக்கே சிரிப்பு வந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு ஓடியிருக்கிறார். நன்றாகத்தான் இருந்தது.

அந்த நினைப்பில் ஒரு தைரியமும் பிறந்தது. "சரி, எடுத்துருவோம் காவடிய. ஆனா இந்த வருசம் முடியாது. வைகாசி விசாகத்துக்கு இனிமே ரயில்ல எடம் கெடைக்காது. அடுத்த வருசம் பாப்போம்."

சங்கரேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு சோற்றுப் பையின் அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். இந்த வருஷ வைகாசி விசாகத்துக்கு, தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் டிக்கெட். பூலோகம் எதையும் சரிபார்க்காமல் நம்புகிறவர் அல்ல. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர்கள் சீனாவுக்குப் புறப்படுவதற்குப் பதினெட்டு நாள் முன்னாலேயே எடுத்திருந்தாள். இரண்டு பெயர். சங்கரேஸ்வரி, லோயர் பெர்த்.

பூலோகம், அப்பர் பெர்த்.