ஸ்மாஷ் சாரின் வலது தோள்

"என் பேட் எங்கே?" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து கத்தினார் ஸ்மாஷ் சார்.

"இருக்கிற இடத்துல பத்திரமா இருக்கும். டாக்டர் இன்னும் ஆடச் சொல்லலை," என்றாள் மனைவி. மொட்டைமாடியில் அவர் பழகுவதற்கு எதிரே நின்று பந்து அடித்துக் கொடுத்தே ஓய்ந்தவள்.

வங்கியில் அவர் காசாளர். ஷட்டில் கிளப்பில் அவர் ஓங்கி இறக்கும் அடிக்காக வைத்த பெயர் தெருவெல்லாம் நிலைத்துவிட்டது. தோளில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவருக்கு ஒரே கவலைதான். இரட்டையர் ஆட்டத்தில் அவருடைய ஜோடி, மருந்துக்கடைக்காரர், வேறு யாரையாவது சேர்த்துக்கொண்டால்? நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

குணமாகிவிட்டதை நிரூபிக்க, சாப்பாட்டு மேஜையருகே வலது கையை உயரத் தூக்கிக் காட்டினார்.

"அட, இவ்வளவு தூக்க முடியுதா? அப்போ பரணைச் சுத்தம் பண்ணிடுங்களேன்."

பண்ணினார். மறுநாள் கை இடுப்புக்கு மேல் வர மறுத்தது. பிசியோதெரபி பெண் உதட்டைப் பிதுக்கினாள். "இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க சார்."

பல்லைக் கடித்துக்கொண்டு தைலம் தேய்த்தார். தைலமும் என்னவோ மளமளவென்று தீர்ந்தது.

"உங்க வேலையையும் சேர்த்து நானே செய்யறேன்ல? எனக்கும் தோள் விட்டுப்போகுது," என்றாள் மனைவி.

பாவம், தன்னால் இவளுக்கும் கஷ்டம். மனசு கேட்காமல் தண்ணீர் கேனைத் தூக்கப் போனார். மறுபடியும் வலி. மறுபடியும் அதே உதடு, அதே ரெண்டு வாரம்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி வழக்கம்போல் "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பியதும் சார் பக்கத்து வீட்டில் ஒரு பேட்டை இரவல் வாங்கிக்கொண்டு கிளப்புக்கு ஓடினார்.

வாசலில் காவலாளி குறுக்கே கையை நீட்டினார்.

"என்னையே தடுக்கறியா? விடுப்பா!"

உள்ளே 'டப்'பென்று ஓர் அடி. அவரே அடித்தது போல. பின்னாலேயே கைதட்டலும், "அப்படிப் போடு!" என்று மருந்துக்கடைக்காரரின் குரலும்.

சார் இரவல் பேட்டைத் தாழ்த்தினார். "வேற ஆளைச் சேர்த்துக்கிட்டாரா?"

காவலாளி சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். நாளைக்கு ஃபைனல் முடியற வரைக்கும் சாருக்குத் தோள் சரியாகக் கூடாதுன்னு சொல்லிட்டு, உங்க பேட்டோட உள்ளே போனதே உங்க வீட்டம்மாதான்."