கோச் அண்ணையின் இரகசிய மொழி

தோற்ற பிறகும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பத் தெரிந்த ஒரே மனிதர் சிசிலியின் பலெர்மோ நகரில் எங்கள் கோச் அண்ணைதான். கபோச் சந்தைப் பக்கம் எனக்கு மேல்மாடியில் குடியிருந்தார். காலையில் லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோரா அம்மா வீட்டில் நிலம் துடைப்பார். பின்னேரம் கல்லூரி மாணவர்களின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு உதவிப் பயிற்சியாளர்.

சிஞ்ஞோராவின் மகன் மறந்துவிட்டுப் போன ஹெல்மெட்டைக் கொடுக்க மைதானத்துக்குப் போனவர், சற்று நேரம் பார்த்துவிட்டு, "உது எங்கடை கிளித்தட்டுத்தானே! பந்து மட்டும்தான் கூட" என்றாராம். மறிப்பவனை ஏய்த்து ஓடுவதை அன்றைக்கே செய்தும் காட்டினார். அப்படிக் கிடைத்த பதவி. அதற்குப் பிறகு நாலு தலைமைப் பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். இவர் மட்டும் உதவியாகவே இருந்தார்.

நாலாவது ஆளும் போனபோது, "கத்தானியா அணியோடு நடக்கும் அடுத்த மாட்ச் வென்றால் நீங்கள்தான் தலைமை" என்று அணி நிர்வாகி சொல்லிவிட்டார். அண்ணைக்குக் கால் நிலத்தில் படவில்லை.

"வெண்ட மாதிரித்தான். பெடியளுக்குக் கட்டளை எல்லாம் தமிழிலை பழக்கி வைச்சிருக்கிறன். கத்தானியாக்காரனுக்கு என்ன விளங்கப் போகுது?"

மாட்ச் அன்று, "வலப்பக்கம்!" என்று கத்தினார். கத்தானியா அணி முழுவதும் வலப்பக்கம் திரண்டது. "நீட்டி எறி!" என்றார். பந்து விழும் இடத்தில் அவர்களுடைய ஆள் ஒருவன் ஏற்கனவே காத்திருந்தான். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அண்ணையிடம் வந்தான்.

"அங்கிள், எனக்குத் தமிழ் விளங்கும். சொல்லாமல் விளையாட வெக்கமாக் கிடக்கு."

வேறு யாராவது என்றால் உத்தியை மாற்றியிருப்பார்கள். எங்கள் ஆள் மிஞ்சியிருந்த ஒரேயொரு 'டைம் அவுட்' இடைநிறுத்தத்தைக் கேட்டு வாங்கி, "தம்பி, அப்பா எந்த ஊர்?" என்று தொடங்கினார். கொக்குவில் என்றதும் எந்தக் கோயிலடி என்று கேட்டார். நடுவர் விசில் ஊதி ஊதியே களைத்துப் போனார். நாங்கள் படுதோல்வி அடைந்தோம்.

"தலைமைப் பதவி போச்சே அண்ணை!" என்று திரும்பி வரும் பஸ்ஸில் நான் பொரிந்து தள்ளினேன்.

"போனால் போகட்டும். இஞ்சை பிறந்த பெடியன், என்ன வடிவாக் கதைக்கிறான், பாத்தனியே?"

அடுத்த கிழமை மிலானோவிலிருந்து புதுத் தலைமைப் பயிற்சியாளர் வந்தார். இத்தாலிய மொழியில் உரத்துக் கட்டளையிட்டார். சிசிலியப் பெடியன்கள் ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் கோச் அண்ணையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டு, "ஓடுங்கோடா" என்றார். ஓடினார்கள்.

அந்த விளையாட்டு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த மனிதரைத்தான் எனக்குப் பிடிக்கும்.