பன்னிரண்டு சுவரொட்டிகள்

நான் டெக்சஸை விட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றுதான் ஒரு விசித்திர மனித இனத்தைக் கடைசியாகப் பார்த்தேன். ரகசிய ரசிகர் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

இரண்டு வருடம் நான் பரிமாறும் வேலை பார்த்த நெல்டாவின் மதுக்கடையில் செவ்வாய்தோறும் ஒருவர் பாடுவார். தொப்பியை இறக்கிவிட்டு, கையை ஆட்டாமல், குரலை உயர்த்தாமல், பிரிந்துபோன மனைவியின் காப்பிக் கோப்பையைத் தினமும் கழுவி வைக்கும் ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றிப் பாடுவார். பாட்டில் அழுகை என்ற சொல்லே வராது. அது கேட்பவர் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேட்பவர்கள் பன்னிரண்டு பேர். தலையாயவர் டிராக்டர் மெக்கானிக் வெர்லின். முன்வரிசையில் அமர்ந்து, ஒரே பீரை இரண்டு மணி நேரம் உறிஞ்சி, பாட்டு முடிந்ததும் தலையை மட்டும் அசைப்பார். கைதட்டுவதா? அது விவரம் தெரியாதவர்கள் செய்வது! யாராவது காலால் தாளம் போட்டால் அந்தக் காலை முறைப்பார்.

"இப்படிப் பாடுறவரை உலகம் கண்டுக்கவே இல்ல பாரும்மா" என்று என்னிடம் பெருமூச்சு விடுவார். உலகத்திடம் அவர் சொன்னாரா? மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

நெல்டா பொறுமை இழந்தாள். "வர்ற செவ்வா நாப்பது பேராவது வரணும். இல்லேன்னா பாட்டை நிறுத்திட்டு பிங்கோ சூதாட்டம் வச்சிடுவேன்."

"நாப்பதா? அத்தனை நாற்காலி இருக்கா?" என்றார் பாடகர்.

நெல்டா பன்னிரண்டு சுவரொட்டிகள் அடித்து ஊரெல்லாம் ஒட்டினாள்.

அந்தச் செவ்வாயும் வந்தது. என் பெட்டி வாசலில் இருந்தது. பேருந்துக்கு ஒரு மணி நேரம். உள்ளே அதே பன்னிரண்டு பேர்.

"ஏம்ப்பா வெர்லின், தீவனக் கடையில ஒட்டினதைக் கிழிச்சது நீதானே?"

"கிழிக்கல நெல்டா. பக்குவமா உரிச்சேன். கண்ணாடி போட்டு வீட்டுல மாட்டியிருக்கேன். கண்டவன் கண்ணுல எதுக்குப் படணும்?"

நெல்டா மற்ற பதினொரு பேரையும் பார்த்தாள். பதினொரு பேரும் தங்கள் பீரைப் பார்த்தார்கள்.

பாடகர் கோப்பைப் பாட்டைப் பாடினார். கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அவ்வளவுதான்.

சிரிக்கிறீர்களா? உங்கள் கைப்பேசியிலும் அப்படி ஒரு பாடகர் இருப்பாரே! பக்கத்தில் யாராவது வந்தால் சத்தத்தைக் குறைக்கிறீர்களே, அவர்தான். நானும் யோக்கியமில்லை, இத்தனை சொல்லியும் பாடகரின் பெயரை உங்களுக்குச் சொல்லவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, போன வாரம், வெர்லினிடமிருந்து செய்தி வந்தது:

"மறுபடி பாடுறாரும்மா. டயர் கடைக்குப் பின்னாடி, ஞாயித்துக்கிழமை மத்தியானம். பன்னெண்டு நாற்காலிதான். யாருகிட்டயும் சொல்லிடாதே."