முந்தி வந்த காதல்

ஒரே கதைக்கு இரண்டு இடம் கொடுப்பது அலமாரிக்குச் செய்யும் துரோகம் என்று மேலிடம் முடிவு செய்தபோது, அந்த நூலகத்தில் அப்படியொரு துரோகம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஒன்று, மிகப் பழைய நாவல். இன்னொன்று, அதே கதையை அதே காலப் பின்னணியில் அதே பெயர்களோடு, காதலை மட்டும் கொஞ்சம் தூக்கலாக்கி, இளசுகளுக்காகத் திருப்பிச் சொன்ன புத்தகம்.

பார்வைக்கும் இரண்டும் ஒன்றுதான். படம் போட்ட அட்டை வாசகர் மனத்தைக் கெடுக்கும் என்று, எந்தப் புத்தகம் வந்தாலும் அட்டையையும் தலைப்புப் பக்கத்தையும் கிழித்துவிட்டுக் கறுப்பு பைண்டிங் போட்டு, முதுகில் ஒரு லேபிள் ஒட்டிவிடுவது அங்கே வழக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அந்த லேபிள் ஒன்றே சாட்சி.

நூலகர் அம்மா பழைய நாவலின் பரம பக்தை. அதன் பெயரைச் சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடும். ஆனால் படித்ததில்லை. பழையதைப் பிரிக்க மரியாதை விடவில்லை. புதியதைப் பிரிக்க மானம் விடவில்லை. சமீபத்தில் மகள் சாப்பாட்டுத் தட்டின் முன்னும் பழைய நாவலை விரித்துவைத்து மூக்கை உறிஞ்சியதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. மகள் முடித்ததும் அவரே அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார்.

ஒத்த கதைகள் ஒழிப்புப் பிரிவின் அதிகாரி வந்து சேர்ந்தார்.

"இதுல எதும்மா அசல், எது நகல்?"

"என்ன சார் கேள்வி இது? பழசுதான் அசல்."

"பழசுங்கறது உங்க அபிப்பிராயம். இந்த நூலகத்துக்குள்ள எது முதல்ல வந்துச்சு?"

அங்கேதான் வினை. பழைய நாவலின் முந்தைய பிரதியைக் கரையான் தின்றுவிட்டதால், நூலகர் எங்கெங்கோ அலைந்து போன மாதம்தான் வேறொன்று வாங்கிப் போட்டிருந்தார். காதல் புத்தகமோ போன வருஷமே வந்துவிட்டது.

"அப்போ பழசு புதுசைப் பாத்து எழுதியிருக்கு."

"எழுதினவர் செத்து எவ்வளவோ காலமாச்சு சார்."

"தெரியும். விளக்கம் கேட்டு குறிப்பாணை அனுப்பினோம். உரிய காலத்துக்குள்ள பதில் வரலை. சொல்ல எதுவும் இல்லைன்னு கருதி மேல்நடவடிக்கை எடுக்கறோம்."

"புதுசை எழுதினவங்களே பேட்டியில, அந்த நாவலைப் பாத்துத்தான் எழுதினேன்னு சொன்னாங்களே?"

"அது அவங்க தன்னடக்கம். நகலை நாளைக்குக் காகித அரவைக்கு எடுத்துக்கறோம்."

பழைய நாவலைப் போட்ட பதிப்பகம் மூடிப் பல வருஷமாகிவிட்டது. ஊரில் இருந்தது அந்த ஒரு பிரதிதான். நூலகர் அம்மா பணிக்காலத்தில் ஒரு விதியையும் மீறாதவர். அன்று மதிய இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஈரத்துணியால் லேபிள்களை உரித்து, இதை அதிலும் அதை இதிலும் ஒட்டினார்.

மறுநாள் அதிகாரி லேபிளைப் படித்தார், எடுத்தார், போனார். புரட்டிப் பார்ப்பது அவர் பிரிவின் பணிவரம்பில் இல்லை.

மிஞ்சிய புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த நூலகர், மகளிடம் வெற்றிக்கதையைச் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"நீயும் மாத்திட்டியா?"

"அதென்னடி நீயும்?"

"காதல் கதைன்னா நீ கத்துவேன்னு, பழசு வந்த உடனே நான் ரெண்டு லேபிளையும் மாத்தி ஒட்டிட்டேம்மா. வீட்ல நான் படிச்சது புதுசு. இப்போ நீயும் மாத்தினதுல ரெண்டும் ஒழுங்கா அதது பேருக்கு வந்துடுச்சு. அவர் எடுத்துட்டுப் போனது நெஜமாவே பழசு."

"வாய்க்கு வந்ததைச் சொல்லாதே," என்று நூலகர் புத்தகத்தைப் பிரித்தார். முதல் முறையாக.

ஒரு பக்கம் பார்த்துவிட்டு மூடத்தான் நினைத்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அவர் எழுந்திருக்கவில்லை. நாயகன் மழையில் நனைந்தபடி வாசலில் நின்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இந்த ஆழம் இப்போ எழுதறவங்களுக்கு வருமாடி? சந்தேகமே இல்ல, இது பழசேதான். நீ பொய் சொன்னே, பாரு."

அதே பக்கத்தில்தான் மகளும் அழுதிருந்தாள்.

சில வாரம் கழித்து, அரவைக்குப் போன மாபெரும் நாவலுக்கு நூலகத்திலேயே இரங்கல் கூட்டம் நடந்தது. தலைமை, அதிகாரி. நூலகர் அம்மா எழுந்து, "நெஞ்சில் நிலைத்துவிட்ட இடம்" என்று மழைக்காட்சியைப் புத்தகம் பார்க்காமலே சொன்னார். கூட்டத்தில் அங்கங்கே மூக்குறிஞ்சும் சத்தம்.

"இந்த இடத்தைச் சின்ன வயசிலேயே மனப்பாடம் பண்ணினவன் நான்," என்றார் அதிகாரி. தாங்களும் அப்படியே என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

கடைசி வரிசையில் மகளுக்கு முதல் தடவையாக ஓர் ஆசை வந்தது: இந்த இடம் பழைய நாவலில் எப்படி இருந்திருக்கும்? யாரையாவது கேட்கலாம் என்று அறை முழுக்கக் கண்ணை ஓட்டினாள். கேட்க ஓர் ஆள்கூட இல்லை.